சாரம் என்றால் என்ன என்று கேட்ட நீதிபதி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே வழக்கு ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் நலம். அங்கே என் மகளும் தாங்களும் ஒரே கூரையின் கீழ் அவரவர் பிடிவாதத்தோடு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி குறைந்ததா, மாப்பிள்ளைக்கு இரவு வேலை மாறியதா, பேத்திக்கு முன்பல் முளைத்ததா என்பதையெல்லாம் பதிலில் எழுதவும். தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். கேட்டேன். ஒவ்வொரு தடவையும் என் மகள்தான் எடுத்தாள். "அப்பா, மாமாகிட்ட கோர்ட்டு விஷயம் பேசாதீங்க, அவருக்கு ரத்த அழுத்தம் ஏறுது" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆகவே தபாலில் எழுதுகிறேன். தபாலுக்கு ரத்த அழுத்தம் கிடையாது. தாங்கள் மட்டும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படிக்கவும்.

தாங்கள் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மேல் கோர்ட்டில் மனுக்களை வாங்கும் பிரிவில் தங்களிடம் வேலை பழகியவர் ஒருவர் இருக்கிறார் என்று கல்யாணத்தின்போது தாங்களே சொன்னீர்கள். நான் அதை மறக்கவில்லை. அன்றைக்குத் தாங்கள் சொன்ன வேறு சிலவற்றையும் மறக்கவில்லை, அவை இப்போது வேண்டாம். என் இளைய மகன் வழக்கு வேறு நீதிபதியிடம் மாற வேண்டும். அதற்குத் தங்கள் உதவி வேண்டும். காரணங்களைக் கீழே எழுதுகிறேன்.

விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வழக்கை முதலிலிருந்து சொல்வதுதான் முறை. பெரிய சாலையில் ஏழு மாடி வணிக வளாகம் ஒன்று கட்டினார்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடி. அதன் முன்னால் இரும்புக் குழாய்களால் கட்டியிருந்த சாரம், திறப்பு விழாவுக்கு முதல் நாள், நல்ல பகலில், காற்றில் சரிந்தது. மேலே நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த ஐந்து பேர் போய்விட்டார்கள். அந்தச் சாரம் சரிவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள், திரும்பக் காட்டினார்கள், மெதுவாக ஓட்டியும் காட்டினார்கள், கடைசியில் என் வீட்டுக்காரி போய்ச் சுவரிலிருந்து வயரையே பிடுங்கிவிட்டாள். இப்போது ஊர் முழுக்க அதற்குச் 'சார வழக்கு' என்று பெயர். முதல் எதிரி வளாகத்தின் முதலாளி. இரண்டாம் எதிரி அவருடைய என்ஜினியர். மூன்றாம் எதிரி சாரம் கட்டிய மேஸ்திரி, அதாவது என் மகன், தங்கள் மருமகளின் தம்பி. அவனை எதிரி என்று கூப்பிடுகிறார்களே, யாருக்கு எதிரி என்று கேட்டேன். அது கோர்ட்டு பாஷை, குற்றம் சாட்டப்பட்டவர் என்று அர்த்தம் என்றார்கள். முதல் இரண்டு எதிரிகளும் ஜாமீனில் காரில் வந்து இறங்குகிறார்கள். மூன்றாம் எதிரியைச் சிறையிலிருந்து வேனில் கொண்டுவருகிறார்கள். சாரம் விழுந்தால் சாரம் கட்டியவன்தானே பொறுப்பு என்று அவர்கள் தரப்பு சொல்வது சின்னப் பிள்ளைக்கும் புரிகிறது. எங்கள் தரப்பு சொல்வது எங்கள் வக்கீலுக்கே சில நாள் புரிவதில்லை.

இப்படிப்பட்ட வழக்குக்கு யாரைப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா சம்பந்தி? குடும்ப நீதிமன்றத்திலிருந்து புதிதாக மாறி வந்திருக்கும் ஓர் அம்மாவை. இதுவரை அவர் பார்த்ததெல்லாம் புருஷன் பெண்டாட்டி சண்டை. கோர்ட்டு வாசலில் அவருக்கு 'ஜீவனாம்சம் அம்மா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாடே பார்க்கிற வழக்கை, கொலை வழக்கு ஒன்றுகூடக் கேட்டிராதவர் கேட்கிறார். பக்கத்து அறையில் வயதும் அனுபவமும் உள்ள ஒரு நீதிபதி இருக்கிறார். 'வாய்தா ஐயா' என்றால் எல்லாருக்கும் தெரியும். நான் அவர் அறையிலும் போய் உட்கார்ந்து பார்த்தேன். என்ன அமைதி. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். ஒரு கேள்வி கிடையாது. வக்கீல்கள் பேசி முடித்ததும் கண்ணைத் திறந்து அடுத்த தேதியைச் சொல்கிறார். இருபது வருடமாக அவர் அறையில் சத்தம் என்று ஒன்று எழுந்ததில்லையாம். அதைத்தான் நான் அனுபவம் என்கிறேன். வண்டி ஓட்டப் பழகுகிறவர் கையில் ஆள் நிறைந்த பேருந்தைக் கொடுத்து மலைப்பாதையில் அனுப்புவார்களா? அந்தப் பேருந்தில் என் மகன் உட்கார்ந்திருக்கிறான்.

நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம். சட்டம் படித்ததெல்லாம் ஓய்வு பெற்ற பிறகு, நூலகத்தில். அதுவும் முதல் பாகத்தை யாரோ எடுத்துப்போய்த் திருப்பாததால் இரண்டாம் பாகத்திலிருந்து படித்தேன். ஆகவே தண்டனைகள் எல்லாம் எனக்குத் தெரியும், குற்றங்கள்தான் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் தீர்ப்பு சொல்வது எனக்குப் புதிதல்ல. முப்பது வருடத்துக்கு மேல் பேருந்தில் நடத்துநராக இருந்தவன். ஜன்னலோரம் யாருக்கு, பையை வைத்துப் பிடித்த இடம் செல்லுமா, காலை மிதித்தவர் வேண்டுமென்றே மிதித்தாரா, இதையெல்லாம் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தீர்த்து வைத்திருக்கிறேன். மேல்முறையீடு என்று ஒருவர்கூடப் போனதில்லை. அதற்குள் அவர்கள் இறங்கும் இடம் வந்துவிடும். இதில் நான் கற்றது, தீர்ப்பு சொல்கிறவர் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் வண்டி நிற்கும். அதைவிட முக்கியம், தெரியாது என்ற சொல் வாயில் வரவே கூடாது. 'இந்த வண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் போகுமா' என்று கேட்டால், வழித்தடம் எனக்கே புதிதாக இருந்த நாட்களிலும் 'ஏறுங்க' என்றுதான் சொல்லியிருக்கிறேன். போகாத வண்டி என்றால் அது அப்புறம் தானே தெரிந்துவிடுகிறது.

இந்த அம்மா முதல் நாளே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார். நடந்தது இது. சாரத்திலிருந்து விழுந்து பிழைத்த தொழிலாளி ஒருவர் இருக்கிறார். குழாய் தூக்குகிறவர். ஆள் உயரம் என்பதால் எல்லாரும் 'ஏணி' என்று கூப்பிடுவார்கள். அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டு அரசு வக்கீல் ஏதோ நீளமாக வாசிக்க ஆரம்பித்தார். நீதிபதி கையைக் காட்டி, "வழக்கோட சாரத்தை மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். வக்கீலைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் கூண்டில் நின்ற ஏணி, தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "சாரம்னா அம்மா, முதல்ல அடிப்பலகை. தரை இளக்கமா இருந்தா குழாய் இறங்கிடும், அதனால பலகை போட்டு…" என்று தொடங்கிவிட்டார். அறையே சிரித்தது. வளாக முதலாளியின் கம்பெனித் தரப்பு வக்கீல்கள் முதலில் சிரித்தார்கள், கடைசியில் நிறுத்தினார்கள். அனுபவம் உள்ளவர் என்றால் மேசையைத் தட்டி, உளறாதே என்று சொல்லியிருப்பார். இந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் கேட்டது வேற சாரம். பரவாயில்லை, நீங்க சொல்றதுதான் எனக்கு வேணும். சாரம்னா என்ன? எனக்குத் தெரியாது. தெரியாதவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

தெரியாது. திறந்த கோர்ட்டில், நிருபர்கள் எழுதிக்கொண்டிருக்க, நீதிபதி வாயால். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வழக்கின் பெயரே சார வழக்கு. ஏணி நிமிர்ந்து நின்றார். அவர் வாழ்நாளில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"எவ்வளவு பெரிய சாரமும் தானா நிக்காதும்மா. சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கும். மாடிக்கு மாடி இரும்புப் பிடி போட்டுச் சுவரோட சேர்த்திருப்போம். அது இருக்கற வரைக்கும் விழாது."

"அப்போ பிடி இருந்துச்சா?"

"முந்தின நாள் வரைக்கும் இருந்துச்சு."

கம்பெனி வக்கீல் எழுந்தார். "இது வழக்குக்குத் தேவையில்லாத கேள்வி."

"எனக்குத் தேவையா இருக்கு. உட்காருங்க. முந்தின நாள் என்ன ஆச்சு?"

"திறப்பு விழாவுக்குப் போட்டோ எடுக்கணும்னாங்கம்மா. பிடியெல்லாம் கண்ணாடியில கறுப்புக் கறுப்பாத் தெரியுதுன்னு கழட்டச் சொன்னாங்க. அப்புறம் சாரம் மேல பெரிய துணி பேனரையும் கட்டச் சொன்னாங்க. காத்து போக வழியில்லை. கப்பல் பாய் மாதிரி ஆயிடுச்சு."

"யாரு சொன்னாங்க?"

ஏணி என்ஜினியரைப் பார்த்தார். என்ஜினியர் மின்விசிறியைப் பார்த்தார். "எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்மா" என்றார் ஏணி. நீதிபதி தன் மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். சாட்சிக்கு நீதிபதியின் தண்ணீர் என்பது எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று தங்களுக்குத் தெரிந்தால் எழுதவும், இரண்டாம் பாகத்தில் இல்லை. குடித்துவிட்டும் அவர் பெயரைச் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க, காத்திருக்கேன்" என்று அடுத்த தேதி போட்டார்கள். அரை மணி நேர வேலைக்கு ஒரு முழு நாள்.

அன்றைக்கு வெளியே டீக்கடையில் நின்று என் ஆற்றாமையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மூக்குக்கண்ணாடிக்காரர் அறிமுகமானார். நடுத்தர வயது, கறுப்புக் கோட்டு, கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். எத்தனையோ வழக்குக்கு வந்துபோகிற வக்கீல்களில் ஒருவர். அவர் ஒருவர்தான் என் பேச்சை முழுதாகக் கேட்டவர். என் வீட்டில் அப்படி யாரும் இல்லை. மலைப்பாதை உதாரணத்தைச் சொன்னபோது, "பிரமாதம் ஐயா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். "ஐயா, நல்லவங்களா இருக்கறது வேற, அனுபவம் வேற" என்று நான் சொன்னதை அப்படியே திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவர்தான் எனக்கு ஒரு முக்கியமான சட்ட நுட்பத்தைச் சொல்லிக் கொடுத்தார். "இந்தம்மா உங்க பையனை விட்டுட்டாலும் நிலைக்காது ஐயா. அனுபவமில்லாதவங்க குடுத்த தீர்ப்புன்னு மேல் கோர்ட்டுல உடைச்சிடுவாங்க. வேற நீதிபதிக்கு மாத்தச் சொல்லி நீங்களே மனுப் போடறதுதான் பையனுக்கு நல்லது" என்றார். அதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போயிற்று.

வீட்டில் இதைச் சொன்னேன். "அவரு யாரு?" என்றாள் என் வீட்டுக்காரி.

"நல்ல மனுஷன்."

"யாரோட வக்கீலுன்னு கேட்டீங்களா?"

"முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட பேசித்தான் முப்பது வருஷம் உனக்குச் சோறு போட்டேன்."

"டிக்கெட் குடுத்தீங்க. யாரும் உங்ககிட்ட கதை கேட்டதில்லை. கேட்கறாருன்னா எதுக்குக் கேட்கறாருன்னு யோசிங்க."

பெண்களுக்குச் சந்தேகம் பிறவிக் குணம். சம்பந்தியம்மாளிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

அடுத்த தேதியில் ஏணிக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. நீதிபதி குற்றப்பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "இறந்தவங்க பேரைப் படிங்க" என்றார். அரசு வக்கீல் புரட்டினார். 'தொழிலாளர்கள் ஐவர்' என்று இருந்தது. இன்னும் புரட்டிச் சில பெயர்களைக் கண்டுபிடித்தார். ஒன்று தப்பாக இருந்தது, ஒன்று இல்லவே இல்லை. அப்போது எதிரிக் கூண்டிலிருந்து என் மகன், யாரும் கேட்காமல், "நான் சொல்றேங்க" என்றான். எங்கள் வக்கீல் கண்ணாலேயே வாயை மூடு என்றார். அவன் மூடவில்லை, என் மகன்தானே. ஐந்து பேரையும், அவர்கள் அப்பா பெயரோடு, ஒவ்வொன்றாகச் சொன்னான். நீதிபதி, "மெதுவா" என்று சொல்லித் தன் கையால் எழுதிக்கொண்டார். அனுபவம் உள்ளவர் எதிரியைப் பேச விட்டிருக்க மாட்டார். அந்தப் பெயர்களை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அதில் ஒருவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனவர்.

சிறையில் மகனைப் பார்க்கப் போனபோது திட்டினேன். அவன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அப்பா, இத்தனை மாசமா எல்லாரும் என்னை எத்தனையோ கேட்டாங்க. அவங்க பேரை யாரும் கேட்கலை. அந்தம்மாதான் கேட்டாங்க" என்றான்.

"பேரைக் கேட்டா விடுதலை கிடைச்சிடுமா?"

"கிடைக்காட்டியும் பரவாயில்லைப்பா."

தங்கள் மருமகளின் தம்பி எப்படிப்பட்ட ஆள் என்பதற்காக எழுதினேன். இரண்டாம் பாகத்தில் இந்தக் குற்றத்துக்கு எத்தனை வருடம் என்று போட்டிருக்கிறது என்பதை நான் அவனிடமும் சொல்லவில்லை, அவன் அம்மாவிடமும் சொல்லவில்லை. தங்களிடமும் சொல்லவில்லை.

இனி எழுதப் போவதைப் படிக்கும் முன் உட்கார்ந்துகொள்ளவும். காகிதத்தில் படித்தால் புரியவில்லை, பார்த்தால்தான் புரியும் என்று அந்த அம்மா உத்தரவு போட்டு, கோர்ட்டின் பின்பக்கம், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், சுவரை ஒட்டிச் சிறிதாக ஒரு சாரம் கட்டச் சொன்னார். குழாய்கள் வந்தன. கொண்டுவந்தவர்களுக்கு இறக்கத் தெரிந்தது, கட்டத் தெரியவில்லை. எல்லாரும் சுற்றி நின்று குழாய்களைப் பார்த்தோம். அந்த அம்மா என் மகனைக் காட்டி, "கட்டத் தெரிஞ்சவர் இங்க இருக்காரே" என்றார்.

கம்பெனி வக்கீல் பதறிவிட்டார். "அம்மா, ஒரு குற்றவாளி கட்டற சாரத்தை நம்பறதா?"

"எதிரி. குற்றவாளியான்னு பார்க்கத்தானே இவ்வளவும்."

இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள் நிற்க, என் மகன் அடிப்பலகை போட்டு, குழாய் நிறுத்தி, சுவரில் பிடி போட்டுக் கட்டினான். பல மாதம் கழித்து அவன் கையில் ஸ்பேனரைப் பார்த்தேன். கட்டி முடித்ததும் அந்த அம்மா கறுப்பு அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணிப்படியில் கால் வைத்தார். யாரும் தடுப்பதற்குள் மேல் தட்டுக்குப் போய்விட்டார். குதிகால் உயர்ந்த செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு சாரத்தில் ஏறலாமா? ஒன்று கழன்று கம்பெனி வக்கீலின் காலடியில் விழுந்தது. நீதிபதியின் செருப்பை வக்கீல் எடுப்பதா, கோர்ட்டுச் சேவகரான டவாலி எடுப்பதா என்று இருவரும் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து தலையில் முட்டிக்கொண்டார்கள். அந்த அம்மா ஒற்றைச் செருப்போடு மேலே நின்று குழாயைப் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அது விழுந்திருந்தால் என் மகன் கணக்கில் ஆறாவது உயிர்.

"உறுதியா இருக்கு. இப்போ பிடியைக் கழட்டுங்க, பார்க்கலாம்" என்றார், மேலே நின்றபடியே.

"முதல்ல நீங்க இறங்குங்க" என்றான் என் மகன். நீதிபதியிடம். அதட்டுகிற குரலில். "மேல ஆள் நிக்கும்போது நான் பிடியைக் கழட்ட மாட்டேன்."

அந்த அம்மா மேலிருந்து அவனையே பார்த்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் சொன்னீங்களா?"

"கழட்டின அன்னிக்கு நான் அங்க இல்லைங்க. பிடியைக் கழட்டக் கூடாதுன்னு முந்தின வாரமே சொன்னேன். அன்னிக்குக் காலையில என்னை வேற கட்டடத்துக்கு அனுப்பிட்டாங்க."

அவர் இறங்கினார். எதிரி அதட்டி நீதிபதி இறங்கினார் சம்பந்தி. இப்படி ஒன்றைத் தங்கள் சர்வீஸில் கண்டதுண்டா? நாளைக்கு மேல் கோர்ட்டில் இதைச் சொன்னால் போதாதா? அந்த அம்மாள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. இறங்கி வந்ததும், செருப்பைத் தேடாமல், வெறுங்காலோடு நின்று என் மகனைப் பார்த்து, "கை நல்லா கட்டுது" என்றார். அது என் காதிலும் விழுந்தது. ஆனால் நல்லவராக இருப்பது வேறு, அனுபவம் வேறு. அவர் இரக்கப்படுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம்தான் கூடுகிறது. இரக்கத்தை மேல் கோர்ட்டில் ஒரு நிமிடத்தில் உடைத்துவிடுவார்கள். என் மகனுக்கு உடையாத தீர்ப்பு வேண்டும். ஆகவே வழக்கை வாய்தா ஐயாவுக்கு மாற்றக் கோரி ஒரு மனுவைத் தங்கள் கையால் எழுதி, தங்களிடம் வேலை பழகிய அந்த நண்பர் மூலம் உரிய இடத்தில் சேர்ப்பிக்க வேண்டும். எங்கள் வக்கீலுக்கு இது தெரிய வேண்டாம், அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்காரிக்கும் தெரிய வேண்டாம், காரணம் அதுவே.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி. பேத்திக்கு முத்தம். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். தங்கள் முழங்கால் நூறாண்டு நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
மூன்றாம் எதிரியின் தகப்பன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி, உறையில் போட்டு, ஒட்டாமல் வைத்திருந்தேன். ஒட்டாதது நல்லதாயிற்று. இன்றைக்குக் கோர்ட்டில் கம்பெனித் தரப்பிலிருந்து ஒரு பெரிய வக்கீல் வந்து, மேல் கோர்ட்டில் ஒரு மனுப் போட்டிருக்கிறோம், அது முடிகிறவரை விசாரணையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று சொல்லி, மனுவை வாசித்தார். இவ்வளவு பெரிய வழக்கை நடத்த நீதிபதிக்கு அனுபவம் போதாது என்பது மனு. நியாயம் தெரிந்தவர் யாரோ எழுதியிருக்கிறார் என்று முதல் வரிக்குத் தலையாட்டினேன். 'நல்லவராக இருப்பது வேறு, அனுபவம் வேறு' என்ற இரண்டாம் வரியில் தலையாட்டுவதை நிறுத்தினேன். சாரம் என்றால் என்ன என்று கேட்டவர், சாட்சிக்குத் தன் தண்ணீரைக் கொடுத்தவர், எதிரி அதட்டியதற்கு இறங்கியவர் என்று வரிசையாக வந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரி, "இது நீங்க சொல்றதுல்ல?" என்றாள். பெரிய வக்கீலுக்குப் பின்னால் பார்த்தேன். மூக்குக்கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து வழக்கம்போல மரியாதையாகத் தலையைச் சாய்த்தார். அவர் முதலாளித் தரப்பு வக்கீலாம்.

மலைப்பாதை வந்ததும் நீதிபதி நிறுத்தினார். "உதாரணம் நல்லா இருக்கு. யாரோடது?"

"எங்களோடது" என்றார் பெரிய வக்கீல்.

வேறு எதையும் பொறுத்துக்கொள்வேன், இதை முடியாது. எழுந்துவிட்டேன். "இல்லைங்க. அது என்னோடது." டவாலி உஸ் என்றார். வீட்டுக்காரி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க யாரு?"

"மூணாம் எதிரிக்கு அப்பாங்க."

"அப்போ நான் இந்த வழக்கைக் கேட்கக் கூடாதுங்கறதுதான் உங்க கருத்துமா?"

என் மகன் கூண்டிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏணி காய்ச்சல் தேறி வந்து, சாட்சிகள் பெஞ்சில் முழங்காலுக்கு நடுவில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்றால் கம்பெனிக்குச் சாட்சி. இல்லை என்றால் பொய். முப்பது வருட 'ஏறுங்க' தொண்டை வரை வந்து நின்றுவிட்டது.

"தெரியலைங்க" என்றேன்.

"எனக்கும்தான். உட்காருங்க" என்றார். பிறகு பெரிய வக்கீலைப் பார்த்து, "மேல் கோர்ட்டு சொன்னா எழுந்து போயிடறேன். சொல்ற வரைக்கும் நான்தான்" என்று சொல்லிவிட்டு ஏணியைக் கூப்பிட்டார். கேட்பதற்கு முன்பே தண்ணீரைக் கூண்டுக்கு அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து, அதே கேள்வியைக் கேட்டார். "யாரு சொன்னாங்க?"

ஏணி தண்ணீரைத் தொடவில்லை. "என்ஜினியர் ஐயா சொன்னாரும்மா. முதலாளி பக்கத்துல நின்னாரு. மேஸ்திரி வந்தா ஒத்துக்க மாட்டாருன்னு பேசிக்கிட்டாங்க" என்றார். நீதிபதி எழுதிக்கொண்டார். நானும் என் வீட்டுக்காரியும் எப்போது கையைப் பிடித்துக்கொண்டோம் என்று தெரியவில்லை.

வழக்கு வேறு நீதிபதிக்கு மாறினால் இதையெல்லாம் கம்பெனிக்காரர்கள் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள் என்று எங்கள் வக்கீல் சொல்கிறார். வாய்தா ஐயா கண்ணைத் திறப்பதற்குள் ஏணிக்கு எத்தனை காய்ச்சல் வரும் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஆகவே அந்த அம்மாவே இருக்க வேண்டும் என்று எதிர்மனு எழுத வேண்டும். எங்கள் வக்கீல் எழுதுகிறார், தாங்கள் பக்கத்தில் இருந்தால் நன்றாக எழுதுவார். அடுத்த வண்டியில் புறப்பட்டு வரவும். தங்கள் நண்பரிடம் எதையும் சொல்ல வேண்டாம், அது முறையல்ல. கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்கிறாள் வீட்டுக்காரி. கொடுத்த டிக்கெட்டைத் திரும்ப வாங்கி எனக்குப் பழக்கமில்லை. தவிர, அவர்கள் மனுவின் நகல் எங்களுக்கு இன்னும் வரவில்லை. மேலே உள்ளதையே நகலாக வைத்துக்கொண்டு வரிக்கு வரி பதில் எழுதலாம், ஒன்றும் விட்டுப்போகாது.

மற்றபடி, இந்தக் கடிதத்தில் நலம் விசாரித்ததும் குதிகால் உயர்ந்த செருப்போடு சாரத்தில் ஏறலாமா என்று கேட்டதும் மட்டும் செல்லும்.